பெட்டிக்குள் பஞ்சா, ஃபோமா, தாரா?

இந்த முறை சொந்தமாக ஸ்பீக்கர் பெட்டி செய்கிறவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். மரம் அறுப்பதிலும் வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) பொறுக்குவதிலும் யாருக்கும் பெரிய குழப்பம் இல்லை, பெட்டியை மூடுவதற்கு முன் உள்ளே எதைப் போடுவது என்கிற இடத்தில்தான் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள்.

கேள்வி: ஆறரை அங்குல வூஃபருக்கு 20 லிட்டரில் மூடிய பெட்டி செய்தேன். உள்ளளவு: உயரம் 40, ஆழம் 25, அகலம் 20 செ.மீ. பாட்டு பரவாயில்லை, ஆனால் யார் பேசினாலும் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது மாதிரி இருக்கிறது. டி.வி. வந்த அட்டைப்பெட்டியில் இருந்த வெள்ளை ஃபோமை அரை அங்குலத் தடிமனுக்கு வெட்டி எல்லாப் பக்கமும் ஒட்டினேன். ஒரு மாற்றமும் இல்லை. இன்னும் தடிமனாக ஒட்டவா?

பதில்: வேண்டாம், ஒட்டியதையும் பிய்த்துவிடுங்கள். அதில் ஒரு துண்டை எடுத்து உதட்டோடு அழுத்தி ஊதிப் பாருங்கள், மறுபக்கம் காற்று வராது. பேக்கிங் ஃபோம், தெர்மாகோல் எல்லாம் மூடிய குமிழிகளால் ஆனவை. காற்று உள்ளே நுழையாத பொருளால் ஒலியை விழுங்க முடியாது, திருப்பித்தான் அனுப்பும். ஊதினால் கொஞ்சம் தடையோடு காற்று போக வேண்டும், அதுதான் நமக்கு வேண்டிய பொருள். கடையில் நிற்கும்போது இந்த ஒரு சோதனை போதும்.

இப்போது குடம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். எதிரெதிரே இருக்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவில் ஒலி முன்னும் பின்னும் மோதி நிலையலையாக நின்றுவிடும். அதன் அதிர்வெண்ணைக் கணக்கிட, ஒலியின் வேகமான நொடிக்கு 343 மீட்டரை அந்த இடைவெளியின் இரண்டு மடங்கால் வகுத்தால் போதும். உங்கள் பெட்டியின் உயரத்துக்கு ஏறக்குறைய 430 ஹெர்ட்ஸ், ஆழத்துக்கு 690, அகலத்துக்கு 860. மூன்றும் மனிதக் குரலின் நட்டநடுவில் வந்து விழுகின்றன. பிறகு குரல் மட்டும் கெடாமல் என்ன செய்யும்!

எல்லோரும் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. நார்ப்பொருள் ஒலியைக் குறைப்பது, காற்று அதன் இழைகளுக்கிடையே ஓடி உரசுவதால்தான். சுவரை ஒட்டிய இடத்தில் காற்றால் ஓட முடியாது, அங்கே அழுத்தம் ஏறி இறங்குமே தவிர அசைவு கிடையாது. அசைவு அதிகம் இருப்பது சுவரிலிருந்து கால் அலைநீளம் தள்ளி, அதாவது 430 ஹெர்ட்ஸ் அலைக்கு 20 செ.மீ. தள்ளி. உங்கள் பெட்டியில் அது உயரத்தின் சரிபாதி. ஆகவே நல்ல ஃபோமாகவே இருந்தாலும், சுவரில் ஒட்டிய அரை அங்குலத்துக்கு இந்த அலையிடம் வேலையே இல்லை. மேல் அதிர்வெண்களை மட்டும் கொஞ்சம் தடவிக் கொடுக்கும்.

மூடிய பெட்டி என்பதால் உங்களுக்கு வழி சுலபம். தலையணைக்குள் போடும் பாலியெஸ்டர் பஞ்சை நன்றாகப் பிரித்து உதறி, பெட்டி முழுக்க, முக்கியமாக நடுவில், தளர்வாக நிரப்புங்கள். லிட்டருக்கு 8 முதல் 16 கிராம் என்பது வழக்கமான அளவு, 20 லிட்டருக்கு 160 முதல் 320 கிராம். குறைந்த அளவில் தொடங்கி ஒரு கைப்பிடி, இரண்டு கைப்பிடி என்று கூட்டிக்கொண்டே கேளுங்கள். மெத்தை தைப்பதுபோலக் குத்தித் திணிக்க வேண்டாம். வூஃபரின் பின்னால் காந்தத்தின் நடுவே ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். நான் ஒருமுறை அதைக் கவனிக்காமல் பஞ்சை அடைத்துவிட்டு, இழை உள்ளே போய்க் காயிலில் உரசி வந்த கரகரப்பை ஆம்பின் (ஆம்ப்ளிஃபையரின்) கோளாறு என்று நினைத்து, ஒரு வாரம் ஆம்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓட்டை இருந்தால் வூஃபரின் பின்பக்கம் ஒரு மெல்லிய துணியோ வலையோ போட்டுப் பஞ்சை விலக்கி வையுங்கள்.

கேள்வி: நண்பர் சொன்னார் என்று என் போர்ட் (காற்று போய்வரும் குழாய்) வைத்த பெட்டியிலும் பஞ்சை நிரப்பினேன். பாஸ் (தாழ்ந்த ஒலி) செத்துவிட்டது. பஞ்சின் தரம் சரியில்லையா?

பதில்: பஞ்சு தங்கமானது, இடம்தான் தவறு. போர்ட் பெட்டியில் உள்ளே இருக்கும் காற்று சுருள்வில் மாதிரி, போர்ட் குழாயில் இருக்கும் காற்று அந்த வில்லில் தொங்கும் எடை மாதிரி. இரண்டும் சேர்ந்து தாராளமாக ஆடினால்தான் அந்த பாஸ் வரும். நீங்கள் வில்லுக்கு நடுவே தலையணையைச் செருகிவிட்டீர்கள்.

இங்கே சுவர்களில் மட்டும் 25 முதல் 50 மி.மீ. தடிமனுக்குப் பொருள் வையுங்கள். வூஃபருக்கு நேர் பின்னால் இருக்கும் சுவருக்கு முதலிடம், ஏனென்றால் அங்கிருந்து திரும்பும் ஒலி வூஃபரின் மெல்லிய கூம்பைத் தாண்டி உங்கள் காதுக்கே வந்துவிடும். வூஃபருக்கும் போர்ட்டின் உள்வாய்க்கும் இடையே பாதை காலியாக இருக்கட்டும், போர்ட் வாயைச் சுற்றி ஒரு குழாய் விட்டம் அளவுக்காவது எதுவும் வேண்டாம். உயரமான பெட்டியில் குடச் சத்தம் போகவில்லை என்றால், உயரத்தின் நடுவே மட்டும் ஒரு தளர்வான பஞ்சுப் பட்டையைக் குறுக்கே கட்டிப் பாருங்கள். பாஸ் கொஞ்சம் குறையும், குரல் நிறையத் தெளியும்.

சப்வூஃபர், அதாவது மிகத் தாழ்ந்த ஒலிக்கான பெட்டி, மட்டும் செய்கிறவர்கள் இந்தக் குடச் சத்தத்தைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். 80 ஹெர்ட்ஸில் அலைநீளம் 4 மீட்டருக்கு மேல், சாதாரண அளவுப் பெட்டிக்குள் அந்த அலை நிற்க இடமே இல்லை.

கேள்வி: முட்டை அட்டை ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். மெல்லிய அட்டை, பார்க்க ஸ்டூடியோ ஃபோம் மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: கண்ணாடி இழைப் பஞ்சு, ராக் வுல் (பாறையை உருக்கி எடுத்த இழை), கம்பளி, ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி) என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எது சிறந்தது? கண்ணாடி இழை உடம்புக்கு ஆகாது என்றும் கேள்விப்பட்டேன்.

பதில்: ஒலியை விழுங்கும் திறனை மட்டும் பார்த்தால் கண்ணாடி இழையும் ராக் வுல்லும் பாலியெஸ்டரை விட ஒரு படி மேல்தான், அவற்றின் இழைகள் மிக மெல்லியவை. ஆனால் அதற்காக நீங்கள் கையுறை, முகக்கவசம், கண்ணாடி எல்லாம் போட்டுக்கொள்ள வேண்டும், அப்படியும் மறுநாள் முழங்கை அரிக்கும். புற்றுநோய் பயத்தைப் பொறுத்தவரை, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, கட்டடங்களில் வெப்பத்தடுப்புக்குப் போடும் கண்ணாடி இழைப் பஞ்சையும் ராக் வுல்லையும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லாதவை என்ற பிரிவுக்கு 2002-இல் வெளியிட்ட அறிக்கையில் மாற்றிவிட்டது. இருந்தாலும் போர்ட் வழியாகப் பொடி இழைகள் அறைக்குள் ஊதப்படுவதை நான் விரும்பமாட்டேன். போடுவதானால் மெல்லிய பருத்தித் துணியில் உறை தைத்து உள்ளே வையுங்கள். துணி வழியாகவும் ஊதிப் பார்த்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் உறையில் சுற்றினால் எல்லாம் வீண்.

கம்பளிக்கு ஒரு கதை உண்டு. 1965-இல் ஏ. ஆர். பெய்லி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், மடித்த நீளக் குழாய் போன்ற பெட்டியில் நீளமுடிக் கம்பளியை நிரப்பிக் காட்டினார், அதிலிருந்துதான் பெட்டி செய்கிறவர்களிடம் கம்பளிக்கு இத்தனை மதிப்பு. நல்ல பொருள்தான். ஆனால் அந்துப்பூச்சிக்கும் அது நல்ல பொருள். மருந்திட்ட கம்பளி கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். ஃபெல்ட் மெல்லியது, ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) பக்கத்திலும் சிறிய மிட்ரேஞ்ச் (நடு ஒலி ஸ்பீக்கர்) அறைகளிலும் உதவும், 400 ஹெர்ட்ஸ் பிரச்சினையை அது தீர்க்காது. திறந்த குமிழி ஃபோம் ஒட்டச் சுலபம், கத்தரிக்கோலால் வெட்டலாம், அரிக்காது. ஆனால் பாலியூரித்தேன் வகை, ஈரக்காற்று பட்டு வருடக்கணக்கில் உதிர்ந்து பிசுபிசுத்த பொடியாகிவிடும். பழைய ஸ்பீக்கர்களைத் திறந்தவர்களுக்கு அந்தக் கறுப்புப் பொடி தெரிந்திருக்கும்.

முதல் பெட்டி செய்கிறவருக்கு என் பதில் பாலியெஸ்டர்தான். இரண்டாவது பெட்டியில் ஆசைப்பட்டதைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: உள்ளே பஞ்சு நிறையவே வைத்திருக்கிறேன், அப்படியும் பக்கச் சுவரைத் தொட்டால் பாட்டுக்கு ஏற்பக் கை அதிர்கிறது. இன்னும் பஞ்சு சேர்க்கவா?

பதில்: நீங்கள் ஒரு மூட்டை சேர்த்தாலும் அது நிற்காது. காற்று பாடுவது ஒரு நோய், மரம் பாடுவது வேறு நோய். பஞ்சு காற்றுக்கான மருந்து. மரத்துக்கு வேண்டியது குறுக்குக் கட்டை, இல்லாவிட்டால் கனமான, ரப்பர்த்தன்மையுள்ள ஒட்டு.

விரல் முட்டியால் சுவரைத் தட்டுங்கள். 'டொங்' என்று கொஞ்சம் நீண்டால் மரம் பாடுகிறது, 'டொக்' என்று உடனே செத்தால் பரவாயில்லை. பலகையின் தடிமனை இரண்டு மடங்காக்கினால் அது பாடும் சுருதியும் இரண்டு மடங்கு ஏறும், அதிர்வு நின்றுவிடாது, இடம்தான் மாறும். அதனால் 36 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திய பலகை) போட்டு முதுகை உடைத்துக்கொள்வதை விட, 18 மி.மீ. பலகையில் எதிரெதிர்ச் சுவர்களை இணைத்து ஒரு குறுக்குக் கட்டை வைப்பது நல்லது. சரிபாதியில் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வையுங்கள், இரண்டு பக்கமும் ஒரே சுருதியில் பாடாமல் இருக்கும்.

இதற்கு நேர் எதிரான வழியும் இருக்கிறது, எனக்குப் பிடித்தது அதுதான். பிபிசி பொறியாளர்கள் மெல்லிய ப்ளைவுட் சுவரில் உள்ளே கனமாகத் தார் ஷீட் ஒட்டினார்கள். அங்கே ஹார்வுட்டும் மேத்யூஸும் 1977-இல் எழுதிய ஆய்வறிக்கை இதைப் பற்றியதுதான். தடித்த சுவரின் அதிர்வு, காது கூர்மையாக இருக்கும் பகுதிக்கு ஏறிவிடுகிறது. மெல்லிய சுவரின் அதிர்வு கீழேயே இருக்கும், அதைத் தாரால் அடக்கிவிடலாம் என்பது அவர்கள் வாதம். எல்எஸ்3/5ஏ என்ற அவர்களுடைய சின்னப் பெட்டியின் சுவர் 12 மி.மீ. பிர்ச் ப்ளைவுட்தான், இன்றும் அதைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: கார் கதவுகளில் ஒட்டும் தார் அல்லது பியூட்டைல் (ஒருவகை ரப்பர்) ஷீட்டை வாங்கி, ஒவ்வொரு சுவரின் நடுப்பகுதியிலும் ஒட்டுங்கள், பலகை அதிகம் ஆடுவது அங்கேதான். தூசி துடைத்துவிட்டு, ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி அழுத்துங்கள். செங்குத்துச் சுவரில் நாலைந்து ஸ்டேப்பிள் அடித்துவிடுங்கள், வெயில் காலத்தில் வழுக்கி இறங்கும். முதலில் தார், அதன் மேல்தான் பஞ்சோ ஃபோமோ. வரிசையை மாற்றினால் தார், ஃபோமின் மேல் உட்கார்ந்து எதையும் அடக்காது. வாசனை ஒரு வாரம் இருக்கும், அதற்குள் பெட்டியை மூடிவிடாதீர்கள். கட்டையும் ஷீட்டும் தின்னும் இடத்தையும் லிட்டர் கணக்கில் கழிக்க மறக்க வேண்டாம்.

கேள்வி: பஞ்சு போட்டால் பெட்டி பெரிதாகிவிடும் என்பது உண்மையா, கதையா?

பதில்: பாதி உண்மை. காற்றை வேகமாக அழுத்தினால் அது சூடாகும், அந்தச் சூடு அழுத்தத்தை இன்னும் ஏற்றும். உள்ளே நுண்ணிய இழைகள் இருந்தால் சூட்டை வாங்கிக்கொண்டு, காற்று விரியும்போது திருப்பிக் கொடுக்கும், அதனால் காற்று இளகினாற்போல நடந்துகொள்ளும், வூஃபர் தான் பெரிய பெட்டியில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். கணக்குப்படி உச்சவரம்பு 40 சதவீதம். நடைமுறையில் 15 முதல் 25 கிடைத்தால் நல்லது, அதாவது 20 லிட்டர் பெட்டி, 23 அல்லது 25 லிட்டர் போல நடக்கும். அளவு மீறித் திணித்தால் இழைகளே இடத்தை அடைத்துக்கொண்டு, கிடைத்ததும் போய்விடும். 1954-இல் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் கொண்டுவந்த ஏஆர்-1 என்ற ஸ்பீக்கர், சின்ன மூடிய பெட்டியில் பெரிய பாஸ் கொடுத்தது, அதிலும் உள்ளே கண்ணாடி இழை இருந்தது. பலகை அறுக்கும்போதே இந்த லாபத்தை நம்பிப் பெட்டியைச் சிறிதாக்காதீர்கள், கிடைத்தால் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புளூடூத் ஆம்பும் லித்தியம் பேட்டரியும் அதே பெட்டிக்குள் இருக்கின்றன. பஞ்சு போடலாமா?

பதில்: அவற்றுக்குப் பலகையால் தனி அறை கட்டிவிட்டுப் போடலாம். பாலியெஸ்டர் உருகும், பருத்தியும் இலவம்பஞ்சும் பற்றிக்கொள்ளும், அதற்கு மேல் ஆம்புக்குக் காற்றோட்டமும் அடைபட்டுவிடும். கிராஸ் ஓவரில் (ஒலியைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும் சுற்று) இருக்கும் பெரிய ரெசிஸ்டர்களும் சூடாகும், அவற்றின் மேல் பஞ்சு படிய வேண்டாம்.

கேள்வி: போதும், இனி மூடிவிடலாம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? என்னிடம் கருவி எதுவும் இல்லை.

பதில்: கம்ப்யூட்டர் இருந்தால் கருவி இருக்கிறது. ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருள், ஒரு 100 ஓம் ரெசிஸ்டர், இரண்டு சானல் உள்ளீடு உள்ள சவுண்ட் கார்டு, இவற்றை வைத்து இம்பீடன்ஸ் கோட்டை, அதாவது அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஸ்பீக்கரின் மின்தடை மாறுவதைக் காட்டும் கோட்டை, வரைந்துவிடலாம். மூடிய பெட்டியில் கோட்டின் இடதுபக்கம் ஒரு மலை தெரியும். பஞ்சைக் கூட்டக் கூட்ட அந்த மலை தாழ்ந்து, அகலமாகி, கொஞ்சம் இடதுபக்கம் நகரும். நகர்வது நின்றுவிட்டால் அதற்கு மேல் பஞ்சால் பயன் இல்லை. 300 முதல் 900 ஹெர்ட்ஸுக்குள் கோட்டில் சின்னச் சுருக்கங்கள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். பஞ்சு சேர்த்ததும் சுருக்கம் கரைந்தால் அது காற்று. எவ்வளவு சேர்த்தும் அசையாமல் நின்றால் பெரும்பாலும் மரம், தார் ஷீட்டை எடுங்கள்.

கம்ப்யூட்டரும் வேண்டாம் என்றால், இரண்டு பெட்டிகளில் ஒன்றில் மட்டும் பஞ்சு போட்டு, ஒரு ஆண் குரல் செய்தி வாசிப்பை மோனோவில் (இரண்டிலும் ஒரே ஒலி) ஓடவிட்டு மாற்றி மாற்றிக் கேளுங்கள். பாட்டு வேண்டாம், பாட்டு எல்லாவற்றையும் மன்னித்துவிடும். முடிவு தெரியும்வரை பின்பலகையைப் பசை போடாமல் திருகாணியில் மட்டும் மூடி வையுங்கள், சந்துகளில் மெல்லிய ரப்பர்ப் பட்டை ஒட்டுங்கள். காற்று கசிந்தால் உள்ளே எதைப் போட்டும் கணக்கு ஒத்துவராது.