பால்கனி துணிக் கூரையில் பூசணம் பிடித்தால் எப்படிப் போக்குவது?

வேளச்சேரி வீட்டு பால்கனியின் துணிக் கூரையில் மழைக்குப் பிறகு கரும்புள்ளி வந்துவிட்டதாகக் கேட்டிருக்கிறீர்கள். அது அழுக்கில்லை, பூசணம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் ஈரத்தோடு சுருட்டினால் மடிப்புக்குள்தான் முதலில் பிடிக்கும். பிரித்ததும் மக்கிய வாடை மூக்கில் ஏறும்.

மூக்கைக் கட்டிக்கொண்டு தூசியைத் தட்டுங்கள். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து தெளித்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, மெதுவான பிரஷ்ஷால் தேய்த்து அலசுங்கள். கம்பி நார் வேண்டவே வேண்டாம், மேல்பூச்சு போய் மழை ஒழுகும். வினிகரோடு பிளீச்சிங் பவுடரைத் தயவுசெய்து சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். நாள்பட்ட கறை லேசாகத் தங்கும், பரவாயில்லை.

தையல் ஓரத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரம் கடைசிவரை நிற்பது அங்கேதான். அதுவும் காய்ந்த பிறகே சுருட்டுங்கள்.