மெட்டை நீக்கிய பாட்டு

மதிப்பிற்குரிய ஐயா,

விடுதலைப் போராட்டக் கால நாடகப் பாடலாசிரியர் மதுரகவி பாஸ்கரதாஸ் பற்றி ஆய்வு செய்கிறேன். பழைய பாட்டுப் புத்தகங்களிலிருந்து அவர் பாடல்களைத் தட்டச்சு செய்து இணைத்திருக்கிறேன். ஒவ்வொரு பாட்டின் மேலும் 'இன்ன பாட்டு மெட்டு' என்றிருந்த வரியைத் தேவையில்லை என்று எடுத்துவிட்டேன். பாரதியைப் படித்துவிட்டு வந்தால் இவை தட்டையாகத் தெரிகின்றன. அடுத்தவர் மெட்டுக்குச் சொல் நிரப்பியவரைக் கவிஞர் என்று சொல்லலாமா? தமிழ் சினிமாவின் முதல் பாடலாசிரியர் அவர்தானா?

– ஆய்வு மாணவர்

தம்பி,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்'; அதற்குப் பாட்டு எழுதியவர் அவர். காளிதாசன் கதைக்குள் நாயகி டி.பி. ராஜலட்சுமி காந்தியின் ராட்டினத்தைப் பாடினார். படத்தின் பிரதி இன்று இல்லை. முதல் ஆளா, இரண்டாம் ஆளா என்பதில் எனக்கு அக்கறையில்லை.

ஆனால் அந்த மெட்டு வரியை எடுத்துவிட்டேன் என்கிறீர்களே, என்ன காரியம் செய்தீர்கள்! பாரதியை வேறு சாட்சிக்கு இழுக்கிறீர்கள். நந்தனார் கீர்த்தனையில் நந்தனாரை 'ஓய் நந்தனாரே' என்று அதட்டுகிற மெட்டை எடுத்துத்தான் அவர் 'ஓய் திலகரே' என்று காங்கிரஸ் மிதவாதிகளைப் பேசவைத்தார். பழைய பாட்டு காதில் இருந்தவனுக்குத்தான் அந்த அடி உறைக்கும். பாதி அர்த்தம் மெட்டில் இருக்கிறது. பாரதி செய்தால் கவிதை, பாஸ்கரதாஸ் செய்தால் நிரப்பலா?

'வள்ளி திருமணம்' நாடகத்தில் தினைப்புனத்தில் பறவை ஓட்டுகிற இடம். அங்கே நாடக நடிகர் விசுவநாததாஸ், பாஸ்கரதாஸ் எழுதிய 'கொக்கு பறக்குதடி பாப்பா'வை எடுப்பார். எந்த வெள்ளைக் கொக்கு என்று கூட்டத்துக்கும் தெரியும், வெளியே நிற்கிற போலீசுக்கும் தெரியும். காகிதத்தில் அது குழந்தைப் பாட்டு மாதிரிதான் இருக்கும். வேறெப்படி இருக்க முடியும்?

என் சிறுவயதில் எங்கள் தெருவில் ஒரு ஆர்மோனியக்காரர் இருந்தார். நாடகத்தை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. பெட்டியின் துருத்தி கிழிந்து, காகிதம் ஒட்டி வைத்திருப்பார். கே.பி. சுந்தராம்பாள் இசைத்தட்டில் பாடிய 'காந்தியோ பரம ஏழை சந்நியாசி'யை முதலில் வெறும் வாயால் படித்துக் காட்டுவார். "செத்துக் கெடக்குல்ல?" என்பார். பிறகு கட்டையை அழுத்தி, அந்த 'யோ'வில் போய் நின்றுகொள்வார். மூச்சு முட்டும் வரை விடமாட்டார். "இழுக்க எடம் விட்டு எழுதியிருக்காருடா. மைக் இல்லாத கொட்டகையில கடைசி ஆளுக்கும் கேக்கணும்ல?" அந்த மனிதருக்குப் பேர் எழுத மட்டும்தான் தெரியும். உங்கள் நூலகத்தில் இந்த விளக்கம் கிடைக்காது.

இவ்வளவு பாட்டையும் உட்கார்ந்து தட்டச்சு செய்திருக்கிறீர்கள், தம்பி. இந்தக் காலத்தில் யார் செய்வார்கள்? அதனால்தான் இத்தனை கோபமும். எடுத்த வரிகளை ஒன்று விடாமல் திரும்பச் சேருங்கள். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாக்களில் அந்தப் பழைய இசை நாடகம், 'ஸ்பெஷல் நாடகம்' என்பார்கள், இன்னும் நடக்கிறது. விடிய விடிய உட்கார்ந்து கேளுங்கள். முடிந்ததும் வயதான ஆர்மோனியக்காரராகப் பார்த்து உங்கள் நோட்டைக் காட்டுங்கள். தெரிந்த மெட்டை வாசிப்பார்கள். பதிவு செய்து எனக்கும் அனுப்புங்கள். கவிஞரா இல்லையா என்பதை அதைக் கேட்டுவிட்டுப் பேசுவோம்.