கேள்வி–பதில்: லிப்ஸ் கோப்புறையில் வைத்த லைப்ரரி

கேள்வி: நான் உருவாக்கிவரும் இரண்டு ஆண்ட்ராய்டு செயலிகளுக்கும் பொதுவான, சர்வரிலிருந்து தரவு பெறும் நிரலைத் தனி லைப்ரரியாக்கி, அதன் ஏஏஆர் கோப்பை (ஆண்ட்ராய்டு லைப்ரரியைப் பொதிந்த கோப்பு) இரண்டின் லிப்ஸ் கோப்புறையிலும் வைத்து இணைத்திருக்கிறேன். பில்ட் பிழையின்றி முடிகிறது. செயலியைத் திறந்தால் மட்டும், ஏதோ ஒரு கிளாஸ் கிடைக்கவில்லை என்று நின்றுவிடுகிறது. என்ன காரணம்?

பதில்: உங்கள் நிரலில் பிழை இருக்க வாய்ப்பில்லை, அதைக் கொண்டுவந்த வழியில்தான் சிக்கல். ஏஏஆர் கோப்பில் கம்பைல் ஆன நிரல், ரிசோர்ஸ்கள் (படங்கள், ஸ்ட்ரிங் எனப்படும் வாசகங்கள் போன்றவை), மேனிஃபெஸ்ட் எனும் விவரக் கோப்பு ஆகியவை இருக்கும்; ஆனால், அந்த நிரல் வேறு எந்தெந்த லைப்ரரிகளைச் சார்ந்திருக்கிறது என்ற பட்டியல் இராது. லைப்ரரிகளை வெளியிட்டுவைக்கும் மேவன் களஞ்சியத்திலிருந்து எடுக்கும் லைப்ரரிகளுடன் அந்தப் பட்டியல் தனிக் கோப்பாக வருவதால், பில்ட் செய்யும் கருவியான கிரேடில் அதைப் படித்துத் தேவையானவற்றைத் தானே இறக்கிக்கொள்கிறது. உங்கள் லைப்ரரி, சர்வருடன் தொடர்புகொள்ள உதவும் ஓகேஹெச்டிடிபி என்ற லைப்ரரியைப் பயன்படுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம்: கோப்பை மட்டும் நகலெடுத்ததால் அது செயலிக்குள் வந்து சேரவே இல்லை. ஏஏஆரில் உள்ளது ஏற்கெனவே கம்பைல் ஆன நிரல் என்பதால் பில்டின்போது இந்தக் குறை தெரிவதில்லை, இயங்கும்போதுதான் தெரிகிறது.

விடுபட்டதைச் செயலியின் பில்ட் கோப்பில் நீங்களே சேர்த்தால் இன்றைய பிழை நீங்கும். ஆனால், லைப்ரரியில் புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போதெல்லாம் இரண்டு செயலிகளிலும் அதை நினைவாகச் செய்ய வேண்டியிருக்கும். எனவே அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூல நிரலையே ஒரு மாட்யூலாக, அதாவது செயலியுடன் சேர்ந்து பில்ட் ஆகும் தனிப் பகுதியாக, இணைத்துவிடுங்கள். லைப்ரரியை இரு செயலிகளுக்கும் வெளியே, அவற்றின் பக்கத்தில் ஒரு கோப்புறையில் வைத்து, ஒவ்வொரு செயலியின் செட்டிங்ஸ் கோப்பிலும் 'இன்க்ளூட்' வரியால் மாட்யூலின் பெயரையும், 'பிராஜெக்ட்டிர்' வழியாக அந்தக் கோப்புறையின் பாதையையும் குறிப்பிடுங்கள். பிறகு செயலியின் பில்ட் கோப்பில் அந்த மாட்யூலை 'இம்ப்ளிமென்டேஷன்' என்று சேர்த்தால் போதும். லைப்ரரியின் சார்புகள் தாமாகவே செயலிக்குள் வந்துவிடும். லைப்ரரியில் ஒரு வரியைத் திருத்தினாலும் அடுத்த பில்டிலேயே இரண்டு செயலிகளுக்கும் அது கிடைக்கும். மாட்யூலில் செயலிக்குரிய பிளக்-இன் அல்ல, லைப்ரரிக்குரிய பிளக்-இன் இருக்க வேண்டும். செயலியின் தனி அடையாளமான அப்ளிகேஷன் ஐடி அதில் இருக்கக் கூடாது. (பழைய செயலி ஒன்றை லைப்ரரியாக மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான்.) ஆண்ட்ராய்டு கிரேடில் பிளக்-இன் 8-ஆம் பதிப்பு முதல் மாட்யூலின் பில்ட் கோப்பில் நேம்ஸ்பேஸும் (அதன் நிரலுக்கான பேக்கேஜ் பெயர்) கட்டாயம். இரு செயலிகளின் பிளக்-இன் பதிப்புகளும் வெகுவாக வேறுபட்டால், ஒன்றில் ஓடும் பில்ட் கோப்பு மற்றொன்றில் ஓடாமல் போகலாம். அவற்றை முதலில் ஒரே பதிப்புக்குக் கொண்டுவாருங்கள்.

ரிசோர்ஸ் பெயர்களிலும் கவனம் தேவை. லைப்ரரியிலும் செயலியிலும் ஒரே பெயரில் ஒரு ஸ்ட்ரிங் இருந்தால் எச்சரிக்கை எதுவுமின்றிச் செயலியுடையதே எடுத்துக்கொள்ளப்படும். ரிசோர்ஸ் பெயர்களுக்கான முன்னொட்டைக் குறிப்பிடும் 'ரிசோர்ஸ் பிரிஃபிக்ஸ்' அமைப்பு இருக்கிறதே என்று நினைக்கலாம். அது முன்னொட்டு இல்லாத பெயரைச் சுட்டிக்காட்டுமே தவிர, தானாக மாற்றித் தராது. முன்னொட்டை நீங்கள்தான் ஒவ்வொரு பெயரிலும் எழுத வேண்டும்.