பால்கனில் தனியாக, முதுகில் ஒரே பை: கேட்டவர்களுக்குப் பதில்கள்

2023 இலையுதிர் காலத்தில் 38 நாள், 2025 கோடையில் 43 நாள். இரண்டு தடவையும் தனியாகத்தான் தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் நாடுகளைச் சுற்றினேன். அதிலிருந்து, முதல் பயணத்துக்குக் கிளம்பும் தம்பி தங்கைகள் நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளில் முக்கியமானவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

"அக்கா, ஜெர்மனியில இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போக ஷெங்கன் விசா எடுக்கப்போறேன். அப்படியே மூணு வாரத்துல பால்கன்ல ஒன்பது நாட்டையும் முடிச்சிடலாமா?" (சென்னை, 24 வயது)

வேண்டாம் தம்பி. மூன்று வாரத்தில் ஒன்பது நாடு என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் பேருந்திலும் எல்லை வரிசையிலும் போகும். அங்கே 150 கிலோமீட்டர் மலைப்பாதைக்கே நான்கு மணி நேரம் ஆகலாம். ஐந்து நாடு போதும். குரோஷியாவின் ஸ்ப்ளிட்டில் தொடங்கி, போஸ்னியாவில் மோஸ்தார், சரயேவோ, மாண்டினீக்ரோவில் கோட்டோர், அல்பேனியாவில் ஷ்கோடர், அங்கிருந்து மலை, கடைசியில் வட மாசிடோனியாவின் ஓஹ்ரிட் ஏரி. முடித்துவிட்டு அந்நாட்டுத் தலைநகர் ஸ்கோப்யேயில் விமானம் ஏறிவிடலாம், அங்கிருந்து ஜெர்மன் நகரங்களுக்கு மலிவான விமானங்கள் உண்டு. சரயேவோவுக்கு நான்கு நாள், ஓஹ்ரிடுக்கு மூன்று நாள் கண்டிப்பாக ஒதுக்குங்கள். அந்த நாட்களில் எந்தத் திட்டமும் வைக்காதீர்கள். எனக்கு இன்றும் நினைவில் நிற்பவை அப்படிப்பட்ட வெறும் நாட்கள்தான்.

இனி விசா. ஷெங்கன் என்பது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா. அதை 'மல்டிபிள் என்ட்ரி' விசாவாகக் கேட்டு வாங்குங்கள். இந்திய பாஸ்போர்ட்டில் அது செல்லுபடியாக இருந்தால் போஸ்னியா, மாண்டினீக்ரோ, அல்பேனியா, வட மாசிடோனியா, செர்பியா எல்லாமே உள்ளே விடுகின்றன. எத்தனை நாள் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அல்பேனியா அந்த விசாவை ஒருமுறையாவது ஷெங்கன் நாட்டில் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். நீங்கள் ஜெர்மனி வழியாகப் போவதால் பிரச்சினை இல்லை. செர்பியாவுக்கு விசாவே வேண்டாம் என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. இந்தியர்களுக்கான அந்தச் சலுகையை 2023 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டார்கள். டிக்கெட் போடும் வாரத்தில் ஒவ்வொரு நாட்டின் வெளியுறவு அமைச்சக இணையதளத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கையில் இருப்பது 'சிங்கிள் என்ட்ரி' விசா என்றால் மிகுந்த கவனம் தேவை. குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனுக்குள் இருக்கிறது. அங்கிருந்து போஸ்னியாவுக்குள் கால் வைத்த நிமிடத்தோடு உங்கள் விசா முடிந்தது. ஸ்ப்ளிட்டிலிருந்து துப்ரோவ்னிக் போகும் வழியில் போஸ்னியாவின் துண்டுக் கடற்கரை குறுக்கே வரும். 2022 ஜூலையில் பெல்யெஷாத்ஸ் பாலம் திறந்த பிறகு அதைத் தொடாமலே போகலாம். ஆனாலும் பேருந்து எந்த வழி என்று ஏறுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

"கொசோவோவும் செர்பியாவும் ஒரே பயணத்தில் போகலாமா?" (கோவை)

போகலாம், வரிசைதான் முக்கியம். செர்பியா முதலில், கொசோவோ பிறகு. கொசோவோவைச் செர்பியா தனி நாடாக ஏற்கவில்லை. அல்பேனியா வழியாகக் கொசோவோவுக்குள் போய், அங்கிருந்து நேராகச் செர்பியாவுக்குப் போனால், "நீ எங்கள் நாட்டுக்குள் முறையாக நுழையவே இல்லை" என்று எல்லையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கொசோவோவுக்குப் பிறகுதான் செர்பியா என்றால் ஸ்கோப்யே வழியாகச் சுற்றிப் போங்கள். இந்தியாவும் கொசோவோவை அங்கீகரிக்கவில்லை, அங்கே நமக்குத் தூதரகம் கிடையாது. பாஸ்போர்ட் பத்திரம்.

"ஊர் விட்டு ஊர் போக ரயில் இருக்கா, பஸ்ஸா? முன்பதிவு செய்யணுமா?" (மதுரை, கல்லூரி மாணவர்)

பெரும்பாலும் பேருந்து. இணையத்தில் போட்டிருக்கும் நேரத்தை முழுதாக நம்ப வேண்டாம். ஊரில் போய் இறங்கியதும் நிலையத்தின் கண்ணாடி ஜன்னலுக்குப் போய், அடுத்த ஊருக்கான பேருந்து நேரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு பிறகு தங்குமிடத்துக்கு நடங்கள். இந்த ஒரு பழக்கம் எனக்குப் பல நாட்களை மிச்சப்படுத்தியது. டிக்கெட் வாங்கினாலும், பையை அடியில் வைக்க நடத்துநர் தனியாக ஒன்றிரண்டு யூரோ கேட்பார். ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போகாதீர்கள், அது அங்கே வழக்கம். அந்த நாட்டுச் சில்லறை கையில் இருக்கட்டும்.

அல்பேனியாவில் 'ஃபுர்கோன்' என்று ஒன்று ஓடும். நம்மூர் மேக்ஸி கேப் மாதிரி, ஆள் நிறைந்தால் கிளம்பும். காலை ஏழு மணிக்குப் போனால் நிச்சயம் கிடைக்கும். மதியத்துக்குப் பிறகு மலை ஊர்களுக்குக் கிடைப்பது கஷ்டம்.

ரயிலில் இரண்டு பாதைகளை மட்டும் விடாதீர்கள். சரயேவோவிலிருந்து மோஸ்தார் இரண்டு மணி நேரம். மலை உச்சியிலிருந்து வளைந்து வளைந்து இறங்கி, நெரெத்வா ஆற்றின் பச்சைத் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். மற்றொன்று செர்பியாவின் பெல்கிரேடிலிருந்து மாண்டினீக்ரோவின் கடற்கரை ஊரான 'பார்' வரை 476 கிலோமீட்டர். 1976-இல் முடித்த பாதை, 254 சுரங்கங்கள். மாண்டினீக்ரோவின் தலைநகர் பொத்கோரித்சாவுக்கு முன்னால் மாலா ரியெகா பாலம் வரும், தரையிலிருந்து 198 மீட்டர் உயரம். நான் போன அன்று பெட்டியில் இருந்த ஒரு பாட்டி, பாலம் நெருங்கும்போது என் தோளைத் தட்டி ஜன்னலைக் காட்டினார். பிறகு பையிலிருந்து பிளம் பழங்களை எடுத்து என் மடியில் கொட்டினார். இந்தப் பாதையில் அவ்வப்போது வேலை நடக்கும், ஒரு பகுதியைப் பேருந்தில் கடக்க வைப்பார்கள். ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

"நான் சுத்த சைவம். பட்டினி கிடக்கணுமா?" (கும்பகோணம்)

இல்லவே இல்லை. பேக்கரிதான் உங்களுக்குத் தாய்வீடு. மாவுச் சுருளுக்குள் பூரணம் வைத்துச் சுடுவார்கள். சரயேவோவில் 'புரெக்' என்றால் அதில் கறி வைத்தது மட்டும்தான். அந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள். பாலாடைக்கட்டி என்றால் 'சிர்னித்சா', கீரை என்றால் 'செல்யானித்சா', உருளைக்கிழங்கு என்றால் 'க்ரொம்பிருஷா'. பழைய கடைவீதியில் சில கடைகளில் இன்னும் தணலில்தான் சுடுகிறார்கள். வட்டத் தட்டில் பாம்பு சுருண்ட மாதிரி மாவுச் சுருள். மேலே குவிந்த இரும்பு மூடி, மூடியின் மேல் தணல். கொக்கியால் மூடியைத் தூக்கும்போது சாம்பல் ஒரு பொட்டுகூட உள்ளே விழாது. சுடச்சுட உருளைக்கிழங்குச் சுருளை மிளகு வாசனையோடு, ஒரு குவளை தயிரோடு சாப்பிட்டுப் பாருங்கள். நான்கு நாளும் எனக்குக் காலை உணவு அதுதான்.

செர்பியாவில் கதை வேறு. அங்கே 'புரெக் சா சிரோம்' என்றால் பாலாடைக்கட்டி வைத்த புரெக், தாராளமாகக் கேட்கலாம். 'போஸ்னோ' என்ற சொல்லையும் மனப்பாடம் செய்யுங்கள். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் விரத உணவுக்கு அந்தப் பெயர். கறி, முட்டை, பால் எதுவும் இருக்காது, ஆனால் மீன் சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். வட மாசிடோனியாவில் 'தாவ்சே க்ராவ்சே' என்று மண்சட்டியில் சுட்ட பெரிய வெள்ளைப் பீன்ஸ் கிடைக்கும். அல்பேனியாவில் குடைமிளகாய், தக்காளி, பாலாடைக்கட்டி சேர்ந்த 'ஃபெர்கெஸ'. சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டு அரைத்த 'ஐவார்' நம் துவையலுக்குத் தூரத்துச் சொந்தம், ஒரு பாட்டில் வாங்கிப் பையில் வையுங்கள். உணவகங்களில் 'பெஸ் மேசா', கறி இல்லாமல், என்று சொன்னாலும் பீன்ஸ் சூப்பில் புகையூட்டிய பன்றிக்கறித் துண்டு இருக்கலாம். சூப்பைத் தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

"பெண்கள் தனியாகப் போகலாமா? உண்மையைச் சொல்லுங்க." (சேலம், 23 வயது)

உண்மையைச் சொல்கிறேன் தங்கச்சி. 81 நாளில் என்னை யாரும் தொட்டுத் தொந்தரவு செய்யவில்லை. அல்பேனிய ஊர்களில் மாலையானால் குடும்பம் குடும்பமாகக் கடைத்தெருவில் மெல்ல உலாவுவார்கள், அதற்கு 'ஜீரோ' என்று பெயர். பத்து மணிக்கும் குழந்தைகள் தெருவில் இருப்பார்கள். அந்தக் கூட்டத்தோடு நடக்கையில் நம் ஊர்த் திருவிழாவுக்கு வந்த மாதிரி மனசு லேசாகிவிடும்.

ஆனால் ஒரு தலைநகரில் இரவு பதினொன்றரைக்கு இறங்கி, நிலைய வாசலில் நின்ற டாக்ஸியில் ஏறினேன். மூன்று கிலோமீட்டருக்கு முப்பது யூரோ கேட்டு, கதவைத் திறக்க மறுத்தார் ஓட்டுநர். கொடுத்துவிட்டு இறங்கினேன். அறைக்குப் போய் அழுதேன். அதன்பிறகு இருட்டிய பின் புதிய ஊரில் இறங்குவதில்லை என்று முடிவு செய்து கடைசிவரை கடைப்பிடித்தேன். நீங்களும் செய்யுங்கள். முதல் இரண்டு இரவுக்குப் பெண்கள் மட்டும் தங்கும் டார்ம் அறையாக எடுங்கள், துணைக்கு ஆள் அங்கேயே கிடைக்கும். ராக்கியா என்ற சாராயத்தை அன்பாகத்தான் நீட்டுவார்கள். வேண்டாம் என்றால் வலது கையை நெஞ்சில் வைத்துத் தலையைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

"அல்பேனியா மலையில் நடக்கிற பாதை பற்றிச் சொல்லுங்கள். எனக்கு மலையேறி அனுபவமில்லை." (பெங்களூரு)

வல்போனா, தேத் என்ற இரண்டு மலைக்கிராமங்களுக்கு நடுவே உள்ள பாதைதானே? வெள்ளியங்கிரி ஏறியவர் என்றால் தாராளமாக முடியும். ஷ்கோடரில் தங்கி, பெரிய பையை அங்கேயே கொடுத்துவைத்துவிட்டு, சின்னப் பையோடு கிளம்புங்கள். விடியற்காலை வண்டி கோமான் அணைக்குக் கொண்டுபோய் விடும். அங்கிருந்து படகில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். ட்ரின் ஆற்றைத் தேக்கிய நீர், இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. இறங்கியதும் வல்போனாவுக்கு வண்டி, அங்கே ஓர் இரவு. மறுநாள் நடை. ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும், கணவாய் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில். சிவப்பும் வெள்ளையும் பூசிய அடையாளங்கள் வழிநெடுக உண்டு.

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடியும்வரை போங்கள். மே மாதத்தில் கணவாயில் பனி கிடக்கும், சரியான கருவி இல்லாமல் போகக் கூடாது. ஆட்டு மந்தையைக் கண்டால் தூரமாகச் சுற்றிப் போங்கள். காவல் நாய்கள் பெரியவை. ஓடாதீர்கள், நின்று, மேய்ப்பவரைக் கூப்பிடுங்கள்.

தேத்தில் ஒரு கல் கோபுரம் இருக்கிறது. ஜன்னல் என்று சொல்ல முடியாத சின்னத் துளைகள். பழிக்குப் பழி பகை வந்தால், ஆபத்தில் இருக்கும் ஆண்கள் அதற்குள் அடைந்துகிடப்பார்களாம். அந்தப் பகைக்கு விதி சொல்லும் அதே மலைச் சட்டத்தில்தான் 'பெஸா' என்ற வாக்குறுதியும் இருக்கிறது. வீட்டுக்கு வந்த விருந்தாளியின் உயிர் வீட்டுக்காரன் பொறுப்பு. அன்றிரவு நான் தங்கிய வீட்டு அம்மா, நனைந்த என் காலணியைக் கேட்காமலே எடுத்துப்போய், காகிதத்தைத் திணித்து அடுப்பருகே வைத்திருந்தார்.

"அக்கா, நான் கனடாவில பிறந்து வளர்ந்தனான். அம்மா அப்பா யாழ்ப்பாணம். சரயேவோ போக விருப்பம், ஆனா போர் நடந்த இடத்தைச் சுற்றிப் பார்க்கிறது சரியோ எண்டு மனசு கேக்குது." (டொரன்டோ, 22 வயது)

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதே போதும், போகலாம். சரயேவோ 1992 ஏப்ரலிலிருந்து 1996 பிப்ரவரி வரை 1,425 நாள் முற்றுகையில் இருந்தது. குண்டு விழுந்து மனிதர்கள் இறந்த இடங்களில் தரைப் பள்ளங்களைச் சிவப்புப் பிசினால் நிரப்பியிருக்கிறார்கள். சரயேவோ ரோஜா என்று சொல்வார்கள். பூ மாதிரிதான் இருக்கும். மிதிக்காமல் போங்கள். விமான நிலையத்துக்கு அடியில் 1993-இல் தோண்டிய ஏறக்குறைய 800 மீட்டர் சுரங்கத்தில் ஒரு சிறு பகுதியில் இன்றும் குனிந்து நடக்கலாம். உணவும் மருந்தும் நகரத்துக்குள் வந்த வழி அது.

ஆற்றங்கரையில் வியெச்னித்சா என்ற கட்டடத்துக்கு அவசியம் போங்கள். 1992 ஆகஸ்டில் குண்டுவீச்சில் எரிந்த தேசிய நூலகம். எரிந்த தாள்களின் கரி நகரம் முழுவதும் பறந்து விழுந்தது. 2014-இல்தான் மறுபடி திறந்தார்கள். 1981-இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றி உங்கள் அம்மா சொல்லியிருப்பார். நான் அந்த வண்ணக் கண்ணாடிக் கூரைக்குக் கீழே நின்றபோது அதைத்தான் நினைத்தேன். அங்கிருந்து அம்மாவுக்கு ஒரு அழைப்பு போடுங்கள்.

மற்றபடி சில விஷயங்கள். "நீங்கள் எந்த இனம்" என்று யாரையும் கேட்காதீர்கள். குண்டு துளைத்த சுவர்களைப் படம் எடுக்கும்போது அது ஒருவர் குடியிருக்கும் வீடா என்று பாருங்கள். யாராவது தாமாகப் பேசினால் காபி ஆறினாலும் பரவாயில்லை, முழுதாகக் கேளுங்கள். காட்டிலும் கைவிட்ட கட்டடங்களிலும் பாதையை விட்டு விலகக் கூடாது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள் இன்னும் நிற்கின்றன, கண்ணிவெடி இன்னும் இருக்கிறது.

"நாளுக்கு எவ்வளவு ஆகும்?" (பலர்)

குரோஷியக் கடற்கரை நீங்கலாக எனக்கு நாளுக்குச் சராசரி 40 யூரோ ஆனது. மாண்டினீக்ரோவிலும் கொசோவோவிலும் யூரோதான். போஸ்னிய மார்க்கைக் கிளம்பும் முன் செலவழித்துவிடுங்கள், வெளியே மாற்றுவது கடினம். ஏடிஎம் "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அல்பேனிய மலையில் ரொக்கம் மட்டுமே.

"அம்மா பயப்படுறாங்க. தினமும் பேச நெட் கிடைக்குமா?" (திருநெல்வேலி)

கிடைக்கும். அல்பேனியா, போஸ்னியா, கொசோவோ, மாண்டினீக்ரோ, வட மாசிடோனியா, செர்பியா ஆறுக்குள்ளும் 2021 ஜூலையிலிருந்து ரோமிங் கட்டணம் கிடையாது. ஒரு நாட்டு சிம் வாங்கும்போது அந்த பேக்குக்கு இது பொருந்துமா என்று கேளுங்கள். அம்மாவிடம் தங்குமிட முகவரிகளை எழுதிக் கொடுங்கள். "தினமும் இரவு ஒன்பதுக்கு" என்று சொல்லாதீர்கள், மலையில் ஒருநாள் சிக்னல் போனால் அவர் தூங்க மாட்டார். மலைக்குப் போகும் நாட்களை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

"தலையாட்டினா அங்க அர்த்தம் வேறயாமே?" (திருச்சி)

ஆமாம். பல்கேரியாவிலும் அல்பேனியாவிலும் நாம் 'ஆம்' என்று ஆட்டுவது பலருக்கு 'இல்லை'. இளையவர்கள் இரண்டு விதமாகவும் ஆட்டுவார்கள். நம் பக்கவாட்டு ஆட்டல் அவர்களை இன்னும் குழப்பும். ஷ்கோடரில் ஒரு ஃபுர்கோன் ஓட்டுநரிடம் "தேத்?" என்று கேட்டேன். தலையை இடமும் வலமும் ஆட்டி, "போ, போ" என்றார். போகச் சொல்கிறார் என்று நான்கு அடி நடந்துவிட்டேன். பின்னால் ஓடிவந்து என் பையை வாங்கி வண்டியில் ஏற்றினார். அல்பேனிய மொழியில் 'போ' என்றால் ஆம்.