அம்மாவுக்கு ரோபோ பூனை வாங்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 79 வயது, தனியாக இருக்கிறார். பல வருடம் வளர்த்த பூனை சமீபத்தில் இறந்துவிட்டது. இன்னொன்றைப் பார்த்துக்கொள்ளத் தெம்பில்லை என்கிறார். லேசாக ஞாபக மறதியும் இருக்கிறது. ரோபோ பூனை, நாய் எல்லாம் விற்கிறார்களே, வாங்கித் தரலாமா? எதை வாங்குவது?

பதில்: வாங்கலாம், ஆனால் அவரைக் கேட்டுவிட்டு. 'என்னைச் சின்னக் குழந்தை ஆக்கிட்டீங்களா' என்று மனம் புண்படுகிறவர்களும் உண்டு. வீடியோவைக் காட்டிப் பேச்செடுத்துப் பாருங்கள். முகம் மலர்ந்தால் மேற்கொண்டு யோசிக்கலாம்.

இந்த வகையில் பேர்போனது ஜப்பானின் பாரோ. தகனோரி ஷிபாடா என்ற ஆய்வாளர் 1993-ல் தொடங்கிய முயற்சி. உருவம் பூனையோ நாயோ அல்ல, கடல்நாய் (சீல்) குட்டி. பூனை வளர்த்தவர் ரோபோ பூனையைத் தொட்டதுமே குறை கண்டுபிடித்துவிடுவார். கடல்நாயை மடியில் வைத்துப் பழகியவர் யார் இருக்கிறார்கள்? உங்கள் அம்மா விஷயத்தில் இதை நினைவில் வையுங்கள். ஆனால் அமெரிக்காவில் 2009-லேயே மருத்துவக் கருவியாக ஏற்கப்பட்ட பொருள் அது, விலையும் அதற்கேற்றபடிதான். முதியோர் இல்லங்கள் வாங்கட்டும்.

அதனால் சின்னக் குறை தெரிந்தாலும், வீட்டுக்கு ஜாய் ஃபார் ஆல் என்ற ரோபோ பூனை போதும் என்பேன். 2015-ல் ஹாஸ்ப்ரோ பொம்மை நிறுவனம் கொண்டுவந்தது. 2018 முதல் ஏஜ்லெஸ் இன்னொவேஷன் என்ற தனி நிறுவனத்திடம் இருக்கிறது. தடவினால் குர்ர் என்று அதிர்கிறது, மியாவ் என்கிறது, புரண்டு வயிற்றைக் காட்டுகிறது. நடக்காது. காலில் இடறாது என்பதால் அதுவும் நல்லதற்குத்தான். எனக்கு இதில் பிடித்ததே வைஃபை, ஆப், கணக்கு எதுவும் வேண்டாம் என்பதுதான். பேட்டரி போட்டால் இயங்கும்.

விலை கூடினால் தரமும் கூடும் என்ற கணக்கு இங்கே செல்லாது. சோனியின் ஐபோ நாய் 1999-ல் வந்தது. 2006-ல் தயாரிப்பையும், 2014-ல் பழுதுபார்ப்பதையும் நிறுத்திவிட்டார்கள். பழுதாகி நின்றுபோன அந்த ரோபோ நாய்களுக்கு ஜப்பானில் ஒரு புத்தர் கோயிலில் இறுதிச் சடங்கே நடந்தது. சிரிக்கத் தோன்றும், ஆனால் ஏற்கெனவே ஒரு பூனையைப் பறிகொடுத்தவருக்கு அது சிரிப்பில்லை. 2018-ல் வந்த புது ஐபோவின் உடம்பில் கேமரா இருக்கிறது, இணையச் சேவைக்குச் சந்தாவும் உண்டு. அதனால் எதை வாங்கினாலும் கடையில் முதலில் இதைக் கேளுங்கள்: 'நிறுவனம் இணையச் சேவையை நிறுத்திவிட்டால் இது என்ன செய்யும்?' பதில் மழுப்பலாக வந்தால் வேறு பார்க்கலாம்.

பொம்மைதான் என்று சொல்லியே கொடுங்கள். அப்புறம் அவராக அதைக் கொஞ்சினால், 'உயிர் இல்லம்மா' என்று ஒவ்வொரு முறையும் திருத்த வேண்டியதில்லை. வாரா வாரம் நீங்கள் போகிறீர்கள் என்றால், பூனை வந்த பிறகும் போங்கள். பேட்டரியையும் யாராவது மாற்ற வேண்டுமே!

கேள்வி: ரோபோ பூனையின் ரோமம் பிசுபிசுப்பாகிவிட்டது. குளிப்பாட்டலாமா?

பதில்: கூடாது. உள்ளே மோட்டார் இருக்கிறது. அணைத்துவிட்டு, லேசாக ஈரமான துணியால் மேலாகத் துடைத்து, உலர்ந்ததும் சீப்பால் வாருங்கள். பலர் கைமாறும் இடமென்றால் ஒரே பூனையை எல்லோருக்கும் தராதீர்கள், ஆளுக்கொன்றுதான் சரி.