மண்டை மேட்டைத் தடவிக் குணம் சொன்ன காலம்: கேள்வி பதில்

கே: மண்டை மேட்டைப் பார்த்துக் குணம் சொல்லும் ஃபிரெனாலஜி என்பதும் கைரேகை மாதிரி ஒன்றுதானே?
ப: தொடங்கியவர் ஜோசியர் இல்லை, வியன்னா மருத்துவர் ஃபிரான்ஸ் யோசஃப் கால் (Gall). மூளையில் 27 குணங்களுக்குத் தனித்தனி இடம், எது பெரிதோ அங்கே மண்டை புடைக்கும் என்றார். அந்தக் காலத்து ஆட்கள் மடையர்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

கே: பத்திரிகைகள் கிழிகிழி என்று கிழித்தனவாமே, அப்புறம் எப்படிப் பரவியது?
ப: கிழித்ததும் ஒரு காரணம். 1815-இல் ‘எடின்பரோ ரிவ்யூ’வில் ஜான் கார்டன் என்ற உடற்கூறு ஆசிரியர், பெயர் போடாமல், காலும் அவர் சீடர் ஸ்பர்ட்ஸ்ஹைமும் செய்வது சுத்தப் பித்தலாட்டம் என்று எழுதினார். மறு வருஷமே ஸ்பர்ட்ஸ்ஹைம் எடின்பரோவுக்கே போய், ஆட்கள் முன்னால் மூளையை அறுத்து, மூளைக்குள் இல்லவே இல்லை என்று கட்டுரை அடித்துச் சொன்ன நரம்பு நார்களைக் காட்டிவிட்டார். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி. நார் உண்மை என்று கண்ணால் பார்த்தவர்களில் சிலர் மண்டை மேட்டையும் சேர்த்து நம்பினார்கள். கட்டுரையைப் படித்துச் சிரித்த வக்கீல் ஜார்ஜ் காம்ப், நண்பர் வீட்டில் இந்த அறுவையைப் பார்த்த பிறகுதான் பக்கம் மாறினார். 1820-இல் ஃபிரெனாலஜிச் சங்கம், 1823-இல் சொந்த இதழ், 1828-இல் அவர் போட்ட புத்தகம் லட்சம் பிரதிக்கு மேல் போனது. தெரியாத இடத்தில் கை வைத்து மறுத்தால் இப்படித்தான் ஆகும்.

கே: நெற்றி அகலமாக இருந்தால் அறிவாளியா?
ப: இல்லை. ஆக்ஸ்ஃபர்டில் சுமார் 6,000 பேரின் எம்ஆர்ஐ படங்களை வைத்து 2018-இல் சோதித்தே பார்த்துவிட்டார்கள், ஒன்றும் தேறவில்லை.

கே: அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் மார்க் ட்வைன் கதை?
ப: லண்டனில் மண்டை பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்த ஃபவுலரிடம் பெயரை மறைத்துத் தலையைக் காட்டினார், நகைச்சுவை இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் என்றாராம். சில மாதம் கழித்துச் சொந்தப் பெயரில் போனார், அதே இடம் எவரெஸ்ட் ஆகிவிட்டது. ட்வைனே சொன்ன கதை, கொஞ்சம் தள்ளுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

கே: என் தம்பிக்குப் பின்மண்டை தட்டை, அதனால்...
ப: இரண்டு பதில் மேலே படியுங்கள்.

கே: 1861-இல் பிரெஞ்சு மருத்துவர் ப்ரோக்கா பேச்சுக்கு மூளையில் இடம் கண்டாரே, அப்போது கால் சொன்னது சரிதானே?
ப: தனித்தனி இடம் உண்டு என்ற வரைக்கும் சரி. ஆனால் கூடப் படித்தவர்களில் நன்றாக மனப்பாடம் செய்தவர்களுக்கு முட்டைக்கண் என்பதால், சொல் நினைவைக் கண்ணுக்குப் பின்னால் வைத்தவர் அவர்.

கே: (அதே ஆள்தான்) ப்ரோக்காவும் முன்பக்கத்தைத்தானே சொன்னார்?
ப: ‘டான்’ என்பதைத் தவிர எதுவும் பேச வராத நோயாளி இறந்ததும் மூளையை எடுத்து, கெட்டுப்போன இடத்தைப் பார்த்துச் சொன்னார். முட்டைக்கண்ணைப் பார்த்து இல்லை.

கே: என் மகனின் தலை போட்டோ அனுப்பட்டுமா?
ப: வேண்டாம்.