மழைக்காலத்தில் கிட்டார் கம்பி உயர்ந்துவிட்டால் ட்ரஸ் ராடை முறுக்கலாமா?

ஐப்பசி மழை தொடங்கி இரண்டு வாரத்தில் கம்பி ஏறிவிட்டது, விரல் வலிக்கிறது, கிட்டார் கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடை முறுக்கட்டுமா என்று கொடைக்கானலிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். உடனே முறுக்காதீர்கள். நானும் இங்கே நாயுடுபுரத்தில்தான் கிட்டார் பழுது பார்க்கிறேன்.

ட்ரஸ் ராடுக்கு ஒரே வேலை, கழுத்தின் வளைவைச் சரிசெய்வது. உங்கள் கிட்டாரில் ஏறியிருப்பது அநேகமாக வயிறு, அதாவது உடலின் மேல்பலகை. லைட் கேஜ் என்னும் மெல்லிய ஸ்டீல் கம்பி ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 75 கிலோ இழுக்கும், அதைத் தாங்குவது 3 மில்லிமீட்டர்கூட வராத மேல்பலகையும் அதன் அடியில் எக்ஸ் வடிவில் ஒட்டிய பிரேசிங் கட்டைகளும்தான். மூடுபனி வீட்டுக்குள்ளேயே வரும் நாட்களில் பலகை ஈரம் குடித்து அகலவாக்கில் விரியும், குறுக்கே ஒட்டியிருக்கும் கட்டையோ நீளாது, அதனால் பலகை மேலே புடைத்து, கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் கட்டையையும் கம்பியையும் தூக்கிவிடும்.

இப்படிச் சோதியுங்கள். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளான ஃப்ரெட்டுகளில் முதலாவதில் காபோ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, தடித்த கம்பியை 14வது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு 7வது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு போகிற அளவு, கால் மில்லிமீட்டர் போல, இடைவெளி இருந்தால் கழுத்தில் குறையில்லை. அதைப்போல இரண்டு மடங்கு இருந்தால் மட்டும், கம்பியைத் தளர்த்திவிட்டுக் ராடைக் கால் சுற்று முறுக்கலாம்.

போன கார்த்திகையில் ஒரு தம்பி கொண்டுவந்த கிட்டாரில் யாரோ ராடை இறுக்கி இறுக்கிக் கழுத்தே பின்பக்கம் வளைந்து, முதல் மூன்று ஃப்ரெட்டிலும் கம்பி இரைந்தது, பிரிட்ஜ் பக்கம் உயரம் அப்படியே இருந்தது. டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் உள்ளே விட்டுப் பார்த்தால் எக்ஸின் ஒரு கால் நுனியில் பசை விட்டிருந்தது, காகிதத்தைச் செருகினால் இரண்டு அங்குலம் உள்ளே போனது. ராடைத் தளர்த்தி, மரப்பசை வைத்து ஒரு ராத்திரி கிளாம்ப் போட்டதும் வயிறு இறங்கிவிட்டது.

வெறும் ஈரம்தான் என்றால் சிலிக்கா ஜெல்லோடு பெட்டியில் மூடி வையுங்கள், ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் நின்றால் சில வாரத்தில் தானாகவே இறங்கும். கணப்புப் பக்கத்தில் மட்டும் சாய்த்து வைக்கவே வைக்காதீர்கள், வேகமாகக் காய்ந்தால் பலகை பிளந்துவிடும். அப்புறம், மேல்பலகை முழுக்க விரல் முட்டியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். எங்காவது சலசலத்தால் அந்த இடத்தில் அடையாளத்துக்கு ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, கம்பியைத் தளர்த்திப் பழுது பார்ப்பவரிடம் எடுத்துப் போங்கள்.